பச்சை அட்டை தூக்கிய நாற்பத்தொரு பிள்ளைகள்

அனுப்புநர்:
சி. கந்தசாமி (வயது 49),
கட்டட மேஸ்திரி,
பள்ளிப் பெற்றோர் குழுவின் முன்னாள் தலைவர்,
தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை,
நஞ்சன்கூடு சாலை, மைசூர்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பள்ளிக் கல்விக் குறைகேட்புப் பிரிவு,
மைசூர்.

பொருள்: தொலைக்காட்சி மற்றும் தொலைபேசி வழிப் பாட ஆய்வு (1996–98) – எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்ததாகப் பதிவான விவரங்கள் தவறு – அவை தவறானதில் மனுதாரரின் பங்கு – ஆய்வறிக்கையைத் திருத்தவும், கணக்கு ஆசிரியரைத் திரும்ப நியமிக்கவும் கோருதல்.

பார்வை:
(அ) 12.2.1998 அன்று வெளியான ஆய்வறிக்கை.
(ஆ) அதன் பின்னிணைப்பில் அச்சாகியுள்ள எனது நன்றிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு, தெருவிளக்கு எதுவானாலும் மனு எழுதுபவன் பதினெட்டு வருடமாக நான்தான். இதுவரை நூற்றுக்கு மேல் எழுதியிருப்பேன். அவை எல்லாம் அடுத்தவர் செய்த தவறைப் பற்றியவை என்பதால் கை தடையில்லாமல் ஓடியது. இந்த மனுவில் என் தவறும் இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது தாளில் இதை எழுதுகிறேன்.

2. குறையைத் தெரிந்த மொழியில் எழுதித் தர அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு இடம் தருவதால் தமிழில் எழுதுகிறேன். எனக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், எழுத வராது. ஓய்வு பெற்ற ரயில்வே எழுத்தர் திருமதி அன்னபூர்ணி அம்மாள் செய்து கொடுத்த கன்னட மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். சில இடங்களில் என் கோபத்தை அவர் குறைத்து எழுதியிருப்பதாகத் தெரிகிறது. ஐயம் வந்தால் தமிழில் உள்ளதையே கொள்ளவும். இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசுபவர்கள். பள்ளி கன்னட வழிப் பள்ளி. பாடமும் கன்னடத்தில்தான் வந்தது. மொழி இங்கே குறையே அல்ல. இதை மொழித் தகராறு என்று சொல்லி வேறு மேசைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

3. 1996 வரை எங்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர் தேவம்மா டீச்சர். அவரைப் பற்றி நல்லது மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருவார். ஸ்கேலால் அடிப்பார். அவர் மேல் 1995இல் புகார் எழுதியவனும் நானே. ஆனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்து, "கிச்சா, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது, உனக்கு ஏறவில்லை, இங்கே வா" என்று கரும்பலகைக்கு இழுப்பார். அந்தப் பையன் அழுதுகொண்டே அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பான். 1996இல் தேர்வு எழுதிய நாற்பத்து நான்கு பேரில் இருபத்தேழு பேர் தேறினார்கள். அது பெரிய வெற்றி இல்லை என்று அப்போது குறைப்பட்டுக்கொண்டேன்.

4. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆய்வு நிறுவனத்தார் வந்தார்கள். பெங்களூரில் ஒரு நல்ல ஆசிரியர் கேமரா முன் நின்று பாடம் நடத்துவார், அது செயற்கைக்கோள் வழியாக எங்கள் பள்ளித் தொலைக்காட்சியில் தெரியும், பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் வகுப்பறையிலேயே வைத்திருக்கும் தொலைபேசியில் கேட்கலாம் என்று விளக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாற்பத்தொரு பிள்ளைகளை இரண்டு வருடம் இப்படிப் படிக்க வைத்துப் பலனை அளப்பது அவர்கள் திட்டம். நாங்கள் பூரித்துப்போனோம். கூலி வேலை செய்பவர் பிள்ளைகளுக்குப் பெங்களூர் வாத்தியார் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? மொட்டை மாடியில் டிஷ் நிறுத்துவதற்குச் சிமெண்ட் மேடை கட்டியவன் நானே. அதற்குக் கூலி வாங்கவில்லை.

5. டிஷ் வந்த இரண்டாம் வாரம் தேவம்மா டீச்சரையும் அறிவியல் ஆசிரியரையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். தொலைக்காட்சியின் பலனைத் தனியாக அளக்க வேண்டுமாம். ஆசிரியரும் உடன் இருந்தால் பிள்ளைகளுக்கு எதனால் புரிந்தது என்று தெரியாமல் போய்விடுமாம். அதன்பின் காலை பதினொரு மணிக்குக் கடைநிலை ஊழியர் ஜடையன் பெட்டியைப் போடுவார், பன்னிரண்டு மணிக்கு அணைப்பார். மின்சாரம் போனால் அன்றைய பாடம் போனது போனதுதான். பெங்களூரில் அது நடந்துகொண்டே இருக்கும்.

6. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகள் ஓர் அட்டையைத் தூக்க வேண்டும். பச்சை என்றால் புரிந்தது. சிவப்பு என்றால் புரியவில்லை. ஜடையன் எண்ணி எழுதிக்கொள்வார். மாதம் ஒரு முறை ஆய்வு நிறுவனத்திலிருந்து மேகனா என்ற இளம் பெண் வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் பார்த்து, அட்டைகளைத் தானே எண்ணி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு படிவம் நிரப்பி வாங்குவார். நல்ல பெண். பிள்ளைகளின் பெயர் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

7. இப்போது என் தவறு. மேகனா முதன்முதலில் வருவதாக இருந்த நாளுக்கு முந்தின நாள், பெற்றோர் குழுத் தலைவன் என்ற முறையில் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினேன். பேசியதை அப்படியே தருகிறேன்: "கண்ணுகளா, பெரிய எடத்துல இருந்து வந்து நமக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கறாங்க. நாளைக்கு வர்ற அக்கா முன்னால செவப்பு அட்டயத் தூக்கி அவங்களச் சங்கடப்படுத்திராதீங்க. புரியலீன்னா அப்பறமாப் பேசிக்கலாம்." என் மகள் மனிஷா அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவள் எழுந்து, "ஏனுங்கப்பா, ஒண்ணுமே புரியலீன்னாலுங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, உட்காரச் சொன்னேன்.

8. இதைப் பொய் சொல்லிக் கொடுத்ததாகத் தாங்கள் நினைக்கலாம். அன்று எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால், அடுப்பே மூட்டாத நாளிலும் "ஆச்சுங்க" என்போம். வேலையிடத்திலும் அப்படித்தான். இன்ஜினியர் வந்து ஏதோ வரைபடத்தை விரித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டால், விளங்காவிட்டாலும் "சரிங்க" என்று தலையாட்டுவோம். அவர் ஜீப் ஏறிப் போனதும் பக்கத்தில் இருக்கும் விவரம் தெரிந்த ஆளிடம் கேட்டுக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்துவிடுவோம். முப்பது வருடமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது, ஒரு சுவரும் இடியவில்லை. பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். அப்படிக் கேட்டுக்கொள்வதற்கு வகுப்பில் இனி விவரம் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

9. அதன்பின் இரண்டு வருடம் எங்கள் பிள்ளைகள் பச்சை அட்டை மட்டுமே தூக்கினார்கள். மின்சாரம் போய்ப் பாதிப் பாடம் தெரியாத நாளிலும் பச்சைதான்.

10. தொலைபேசியைப் பற்றியும் எழுத வேண்டும். அறிக்கையின்படி இரண்டு வருடத்தில் எங்கள் பள்ளியிலிருந்து கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று. கேட்டவள் மனிஷா. 1997 ஆகஸ்டில் ஒரு நாள், இருபது நிமிடம் ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும், "சார், உங்களுக்கு எங்களைத் தெரிகிறதா?" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். இல்லையம்மா, உங்கள் குரல் மட்டும்தான் எங்களுக்கு வரும் என்று பெங்களூர் ஆசிரியர் அன்பாகவே பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஊர்க்காரர் காத்திருந்ததால் இணைப்பு மாறிவிட்டது. அன்று மாலை வேலை முடிந்து வந்தவனிடம், "நம்மள அவருக்குத் தெரியாதாமுங்கப்பா. அட்டயத் தூக்கறது சும்மா தூக்கறதுதானுங்க" என்றாள். பெரிய மனுஷி மாதிரிப் பேசாதே என்று அதட்டினேன். அறிக்கையில் அந்த அழைப்பு இப்படிப் பதிவாகியுள்ளது: "கேள்வி: ஒன்று. தீர்க்கப்பட்டது: ஒன்று."

11. பிப்ரவரி மாதம் அறிக்கை வெளியானது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நூறு பேருக்கும் பாடம் முழுமையாகப் புரிந்துள்ளது என்றும், கேள்விகள் குறைவாக வந்திருப்பதே பாடத்தின் தெளிவுக்குச் சாட்சி என்றும் எழுதியிருக்கிறார்கள். பின்னிணைப்பில் "ஒரு தொழிலாளியின் குரல்" என்ற தலைப்போடு என் நன்றிக் கடிதத்தை அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நான் மிகவும் ரசித்து எழுதினேன் என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

12. பிள்ளைகள் பொதுத் தேர்வு எழுதியது அதற்குப் பிறகுதான். மே மாதம் முடிவு வந்தது. நாற்பத்தொரு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். அந்த ஐவரும் வெளியில் டியூஷன் போனவர்கள். மற்ற முப்பத்தாறு பேரும் கணக்கில் தவறினார்கள், அவர்களில் பெரும்பாலோர் அறிவியலிலும் தவறினார்கள். மனிஷாவுக்குக் கணக்கில் பத்தொன்பது மதிப்பெண். மொழிப் பாடங்களில் எழுபதுக்கு மேல் வாங்கியவள். பள்ளிச் சுவரில் ஒட்டிய பட்டியலின் முன்னால் ஒரு பிள்ளையும் அழவில்லை. அவர்களுக்கு இது இரண்டு வருடமாகவே தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் நாங்கள்தான்.

13. தேர்வு முடிவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஆய்வு நிறுவனத்துக்குப் போனேன். மேகனாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் பட்டியலை வாங்கி, பெயர் பெயராகப் படித்தார். பிறகு, "நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதையேதான் எழுதியிருப்பேன் சார். நான் கேக்கறதுக்குத்தானே வந்தேன்" என்றார். ஐயா, வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். மேஸ்திரி வேலையில் ஏச்சு வாங்காத நாள் இல்லை. இந்தப் பெண் மரியாதையாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

14. அவருடைய மேலதிகாரியையும் பார்த்தேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் கொடுத்துப் பேசினார். ஆய்வு பிப்ரவரியோடு முடிந்துவிட்டது என்றும், பொதுத் தேர்வு அவர்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது என்றும், பிள்ளைகள் தாங்களாகத் தந்த விவரத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை என்றும் கூறினார். நாங்கள் ஒரு சுவரை எழுப்பினால் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்போம், நேராக நிற்கிறாயா என்று சுவரையே கேட்க மாட்டோம் என்று சொன்னேன். அவர் சிரித்து, நன்றாகச் சொன்னீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என் வார்த்தை இன்னொரு அறிக்கையில் அச்சாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

15. அடுத்து எழுதுவது தங்கள் துறையைச் சேர்ந்த விஷயம் அல்ல. ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தவறிய பெண் பிள்ளைகளில் பதினொரு பேர் ஜூன் மாதமே நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்கூடத்தில் அட்டைப்பெட்டி செய்யும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். மனிஷாவை அக்டோபரில் மறுதேர்வு எழுத வைக்கலாம் என்று நான் இருந்தேன். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. என் மனைவி பஞ்சவர்ணம், "கூட்டாளிப் புள்ளைங்க எல்லாம் பஸ்ஸேறிப் போறாங்க, இவ ஒருத்தி ஊட்டுல உக்காந்து அந்தப் பொஸ்தகத்தையே எத்தன நாளைக்கு மொறச்சுப் பாப்பா?" என்றாள். மனிஷா தானாகவே இம்மாதம் பதினைந்தாம் தேதி அந்த வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

16. மூன்றாம் நாள் அவளை அட்டை வெட்டும் இயந்திரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஒரு முறை ஓட்டிக் காட்டி, புரிந்ததா என்று கேட்டிருக்கிறார். அவள் புரிந்தது என்று சொல்லியிருக்கிறாள். உடன் வேலை செய்யும் பெண்கள் அதைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போய்விட்டன. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் கண்ணு புரியவில்லை என்று சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு நல்லபடியாச் சொல்லிக் குடுத்தாருப்பா. எப்படிங்கப்பா புரியலீன்னு சொல்றது?" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

17. எனவே இந்த மனு என் மகளுக்காக அல்ல. அவள் அக்டோபரில் எழுதப் போவதில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அதே பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். தேவம்மா டீச்சர் இருந்த பணியிடம், அறிக்கையைக் காரணம் காட்டி, நிரந்தரமாக எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் முதல் இந்தத் திட்டம் மேலும் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் போகிறது, அங்கும் ஆசிரியர்களை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பெட்டியை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. பெங்களூர் ஆசிரியர் நன்றாகத்தான் நடத்துகிறார், நானே பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பெட்டியும் இருக்கட்டும். பிள்ளைகளின் பக்கத்தில் ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

18. சென்ற வாரம் பெற்றோர் குழுத் தலைவர் பதவியை விட்டு விலகினேன். விலகும் முன் அந்த முப்பத்தெட்டுப் பேரிடம் போய், புரியாவிட்டால் சிவப்பு அட்டையைத் தூக்குங்கள், யாருக்கும் சங்கடம் இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். எல்லோரும் சரிங்க என்று தலையாட்டினார்கள். மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முப்பத்தெட்டும் பச்சை.

19. ஆகவே தங்களிடம் வேண்டுவது: எங்கள் பள்ளியின் விவரங்கள் நம்பத் தகாதவை என்று அறிக்கையில் குறிப்புச் சேர்க்க உத்தரவிட வேண்டும். பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்களை அதன் பக்கத்தில் அச்சிட வேண்டும். என் நன்றிக் கடிதத்தை நீக்க வேண்டும், அல்லது இந்த மனுவை அதற்குக் கீழே சேர்க்க வேண்டும். அக்டோபர் தேர்வு எழுத இன்னும் ஆசையோடு இருக்கும் பதினாறு பேருக்கும், இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் உடனடியாக ஒரு கணக்கு ஆசிரியரை அனுப்ப வேண்டும். தேவம்மா டீச்சரையே திருப்பி அனுப்பினால் மிகவும் நல்லது. அவர் மேல் நான் கொடுத்த பழைய புகாரை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

20. கடைசியாக ஒன்று. இதை விசாரிக்கத் தாங்களே நேரில் வர வேண்டும். வரும் நாளை யாருக்கும் தெரிவிக்காமல் வர வேண்டும், எனக்கும் தெரிவிக்கக் கூடாது. தெரிந்தால் நாங்கள் பள்ளியைக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, தங்களுக்கு மாலையோடு காத்திருப்போம். எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் அந்த வேளையில் எங்கள் கை தானாகச் செய்துவிடும். தாங்கள் வகுப்பில் நுழைந்து பாடம் புரிகிறதா என்று கேட்டால், முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் புரிகிறது என்பார்கள். அதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கையில் சாக்குக்கட்டியைக் கொடுத்து, ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். அவன் எழுதாமல் நின்றால் திட்டிவிடாமல், அவன் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள்.

இதில் கண்டவை அனைத்தும் நான் அறிந்து, என் கையால் எழுதியவை. எந்த விசாரணையிலும் இதையே சொல்லுவேன்.

இடம்: மைசூர்
நாள்: 29.6.1998

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சி. கந்தசாமி

இணைப்பு: கன்னட மொழிபெயர்ப்பு, 1998 தேர்வு முடிவுப் பட்டியலின் நகல், தவறிய முப்பத்தாறு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், முப்பத்தைந்து பேரின் கையொப்பத்துடன். பதினேழாம் எண்ணில் மனிஷாவின் இடது கைப் பெருவிரல் ரேகை உள்ளது.